ஏனையவை

சந்தியில் குண்டு வெடித்துப் பத்தொன்பது மணித்தியாலம்.
செத்தவர்களை எடுத்தாயிற்று.
தாருக்கு அடியில் செத்தது எங்கள் கணக்கு.

தண்ணீர்க் குழாயும் உடைந்ததால்
மேன்ஹோலுக்குள் இடுப்பளவு சேற்று நீர்.
இறைக்கப் பம்ப் உண்டு, பம்புக்குக் கரண்ட் இல்லை.
கரண்ட் தரும் ஜெனரேட்டர் ஆமி லொறியில்,
லொறி மருதானைப் பாலத்தில்
ஓர் அம்புலன்சுக்குப் பின்னால்,
அம்புலன்ஸ் ஒரு மீன் லொறிக்குப் பின்னால்.
வாளியால் இறைத்தோம்.

ஈயக் கவசம் பிளந்து வெளியே கிடந்தது
இருநூறு சோடிச் செம்பு.
பேப்பர் சுற்றிய பழைய கம்பி. நிறமில்லை,
எல்லாம் ஒரே பழுப்பு.
எக்ஸ்சேஞ்சிலிருந்து குலசூரிய ஒலி அனுப்புவான்,
எது யாருடையது என்று
காதால்தான் பிடிக்க வேண்டும்.

பட்டியல் ஈரத்தில் ஊறியிருந்தது.
முதல் பன்னிரண்டு முகாம்.
பிறகு பொலிஸ், துறைமுகக் காவல்.
நாற்பத்தொன்றில் பிள்ளைப்பேற்று வாட்டு.
நூற்றைம்பதுக்கு அப்பால் பெயர்களே இல்லை,
"ஏனையவை" என்று ஒரு சொல்.
அந்தச் சொல்லுக்குள்தான் நான் குடியிருக்கிறேன்:
சோடி நூற்று எழுபத்தாறு, கொட்டாஞ்சேனை லொட்ஜ்,
மாடிப்படிக்கு அடியில்
டயலுக்குப் பூட்டுப் போட்ட ஒரு கறுப்பு டெலிபோன்.

மேலே ஒரு பையன் டோர்ச் பிடித்திருந்தான்.
ஆமிச் சப்பாத்து. மீசை இன்னும் முடிவெடுக்கவில்லை.
இறங்கும்போது என் அட்டையை வாங்கிப் பார்த்தவன்.
பிறந்த இடத்தை வாசித்ததும்
வெளிச்சத்தை என் முகத்துக்கு உயர்த்தினான்.
பிறகு கைக்குத் தாழ்த்தினான்.
அன்றிரவு முழுக்க அவர்களுக்கு வேண்டியிருந்தது
என் கைதான்.

ஏழாவது சோடியை முறுக்கினேன்.
சரியா என்று காதில் வைத்தால்
அதற்குள் பேச்சு ஓடத் தொடங்கிவிட்டது.
ஒருவர் ஏசினார்: காலையிலிருந்து குருடாய் இருந்தோம்,
எந்த லொறி எங்கே என்று தெரியாது,
கட்டளையைச் சைக்கிளில் அனுப்பினோம், சைக்கிளில்!
மற்றவர் பொறுமையாக வாசித்தார்.
விடிய நான்கரை.
ஒழுங்கைகளின் பெயர், லொட்ஜ்களின் பெயர்.
மூன்றாவது எங்களுடையது,
உச்சரிப்புப் பிழையோடு.

நான் முறுக்கிய கம்பி.
அதன்மேல் நான் ஊற்றிய மெழுகு
இன்னும் உறையவில்லை.

நூற்று எழுபத்தாறை அனுப்பு என்றேன்.
அடுத்தது எட்டு அல்லவா, என்றான் குலசூரிய.
தண்ணீர் ஏறுகிறது, வெளிப்பக்கத்தை முதலில் முடிக்கிறேன்.
பதினாறு வருட வேலையில்
அவனுக்கு நான் சொன்ன முதல் பொய்.
ஒலி வந்தது. முறுக்கினேன்.
ஒருக்கால் மணியடித்துப் பார்.

நெடுநேரம் அடித்தது.
எடுத்தவன் காவல்காரச் சவரியான், தூக்கக் குரலில்.
தமிழில் சொன்னேன், மேலே பார்க்காமல்:
எல்லாரையும் எழுப்பு. பொலிஸ் பதிவுத் துண்டை
சட்டைப் பையில் வைக்கச் சொல்.
பதிவில்லாத அந்த முல்லைத்தீவுப் பையனை
நாலு மணிக்கு முன்னம் மீன் சந்தைக்கு அனுப்பு,
கூடை தூக்கட்டும்.

வெளிச்சம் போயிற்று.
இடுப்பளவு நீரில், இருட்டில்,
இருநூறு கம்பியை மார்போடு பிடித்து நின்றேன்.
"பெட்டரி," என்றான் மேலிருந்து. சிங்களத்தில்.
வேறொன்றும் சொல்லவில்லை.
நான் ரிசீவரை வைத்தபிறகு
டோர்ச் எரிந்தது, முன்னைய அதே வெளிச்சத்தோடு.
அவனுக்குத் தமிழ் தெரியுமா?
இன்றுவரை தெரியாது.

எட்டு, ஒன்பது, பத்து.
நாற்பத்தொன்றைச் சேர்த்தபோது
ஒரு தாதி ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தாள்:
ஹலோ, நேற்று மத்தியானம் கேட்ட இரத்தம்,
ஹலோ, இனி வேண்டாம்,
ஹலோ, யாராவது இருக்கிறீர்களா?
நான் லைன்காரன். பேசக்கூடாது.

நான்கரைக்கு லொறிகள்
வரிசையாக, ஒரு நிமிடமும் பிந்தாமல்
எங்கள் தலைக்கு மேலால் போயின.
குழியின் சுவரிலிருந்து மண் உதிர்ந்தது.
பையன் காலைத் தள்ளி வைத்தான்,
வெளிச்சம் ஆடாமல்.

நான் நாற்பத்தெட்டைத் தேடிக்கொண்டிருந்தேன்.